சுழலும் உருளையில் ஒரு வேதிவினை

பூந்தமல்லியிலிருந்து ஆவடிக்குச் செல்லும் சாலையில் பாரிவாக்கத்தைக் கடப்பவர்கள் இந்த வண்டியைப் பார்க்காமல் இருக்க முடியாது. முதுகில் சாய்வாக ஒரு பெரிய உருளை. வண்டி முன்னோக்கி ஓட, உருளை தன்பாட்டில் மெல்லச் சுழன்றுகொண்டே போகும். சிவப்பு விளக்கில் வண்டி நின்றாலும் உருளை நிற்பதில்லை. "அது நின்றால் உள்ளே இருக்கும் கான்கிரீட் கல்லாகிவிடும்" என்று பக்கத்தில் நிற்பவர் உங்களுக்கு விளக்கமும் சொல்லியிருப்பார்.

அவர் சொன்னது பாதிதான் உண்மை. உருளை சுழல்வதனால் கான்கிரீட் கல்லாவது நின்றுவிடுவதில்லை. அந்த வேலை உருளைக்குள் ஏற்கனவே தொடங்கிவிட்டது. சுழன்றாலும் நின்றாலும் அது நடந்துகொண்டேதான் இருக்கும். அப்படியானால் உருளை எதற்காகச் சுழல்கிறது? பாரிவாக்கத்திலிருந்து புறப்படும் கான்கிரீட் இருபது கிலோமீட்டர் கடந்து ஒரு பன்மாடி அலுவலகத்தின் முப்பதாவது மாடியில் போய் உட்காரும் வரை அதற்கு என்னென்ன நேர்கிறது? கொஞ்சம் இயற்பியலும் கொஞ்சம் வேதியியலும் கொண்டு இதைப் பார்ப்போம்.

கான்கிரீட் காய்வதில்லை

கான்கிரீட் என்னும் கற்காரை நான்கு பொருள்களால் ஆனது: சிமெண்டு, மணல், ஜல்லி, தண்ணீர். "ஈரம் காய்ந்து கான்கிரீட் இறுகுகிறது" என்று பலரும் எண்ணுகிறார்கள். களிமண் அப்படித்தான் இறுகும். கான்கிரீட் அப்படி இறுகுவதில்லை. தண்ணீருக்கடியில் கொட்டினாலும் கான்கிரீட் இறுகும். துறைமுகங்களும் பாலத்தின் அடித்தூண்களும் அப்படித்தான் எழுகின்றன.

சுண்ணாம்புக் கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 டிகிரி சென்டிகிரேடு வரை சூடேற்றினால் கிடைக்கும் கட்டிகளைச் சிறிது ஜிப்சத்துடன் சேர்த்து அரைத்த தூளே சிமெண்டு. இதில் முதன்மையானவை கால்சியம் சிலிக்கேட்டுகள். தண்ணீர் பட்டதும் இவை அதனுடன் வினைபுரிந்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய படிவங்களை உண்டாக்குகின்றன. அவை ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்து மணலையும் ஜல்லியையும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. இதற்கு நீரேற்ற வினை என்று பெயர். இது வெப்பத்தை வெளியிடும் வினை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இங்கே ஒரு வசதி உண்டு. தண்ணீர் பட்ட முதல் சில நிமிடங்களில் சுறுசுறுப்பாக இருக்கும் வினை, அதன்பின் ஓரிரு மணி நேரம் உறங்குவதுபோல் அடங்கிவிடுகிறது. பிறகுதான் விழித்தெழுந்து வேகம் பிடிக்கிறது. கான்கிரீட்டை ஓரிடத்தில் கலந்து வேறோரிடத்துக்குக் கொண்டுபோகும் தொழில் முழுவதும் இந்த உறக்க வேளையை நம்பித்தான் நடக்கிறது.

தண்ணீர்: நண்பனும் பகைவனும்

ஒரு கன மீட்டர் நல்ல கான்கிரீட்டுக்கு ஓர் உதாரணக் கணக்கு வைத்துக்கொள்வோம்: சிமெண்டு 350 கிலோ, தண்ணீர் 160 லிட்டர், மணல் 750 கிலோ, ஜல்லி 1100 கிலோ. சிமெண்டு முழுவதும் வினைபுரிய, அதன் எடையில் ஏறத்தாழ 23 சதவீதத் தண்ணீர் வேதியியல் முறையில் கட்டுண்டால் போதும். அதாவது 350 கிலோவுக்கு 80 லிட்டர். நாம் ஊற்றியதோ 160 லிட்டர். மீதியில் ஒரு பகுதி நுண்படிவங்களின் இடுக்குகளில் தங்குகிறது. அதற்கும் மேலான தண்ணீர், கலவை இளகி ஓடுவதற்காகச் சேர்த்தது. அது பிற்பாடு வெளியேறும்போது தான் இருந்த இடத்தில் நுண்துளைகளை விட்டுச் செல்கிறது. துளை மிகுந்தால் வலிமை குறையும்.

இந்த உண்மையை ஒரு விதியாக வகுத்தவர் அமெரிக்காவின் டஃப் ஆப்ராம்ஸ். சிகாகோவில் ஏராளமான கலவைகளைச் சோதித்து 1918ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட முடிவு இது: கான்கிரீட்டின் வலிமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் இடையே உள்ள விகிதமே. விகிதம் கூடினால் வலிமை குறையும். நம் உதாரணத்தில் இந்த விகிதம் 160/350, அதாவது சுமார் 0.46.

இந்த ஒரு எண்ணைக் காப்பாற்றுவதற்காகத்தான் கலவை நிலையமும், லாரியும், ஆய்வுக்கூடமும், இவ்வளவு ஏற்பாடும்.

பாண்டுக் கணக்கும் எடைக் கணக்கும்

சிறு வீடு கட்டும் இடத்தில் சித்தாள்கள் பாண்டில் மணலையும் ஜல்லியையும் அள்ளிக் கலவை இயந்திரத்தில் கொட்டுவதைக் கண்டிருப்பீர்கள். ஒரு மூட்டைச் சிமெண்டுக்கு இத்தனை பாண்டு என்று கணக்கு. இது கன அளவுக் கணக்கு. இதில் மணல் ஒரு வேடிக்கை செய்கிறது. ஈரம் பட்ட மணல் உப்பிக்கொள்கிறது. மணற்பருக்களைச் சுற்றிய நீர்ப்படலம், பரப்பு இழுவிசையால் பருக்களை நெருங்கவிடாமல் பிடித்துக்கொள்வதே காரணம். சுமார் 5 சதவீத ஈரத்தில் நுண்மணலின் கன அளவு நாலில் ஒரு பங்குக்கு மேலேயே கூடிவிடலாம். பாண்டு நிரம்பிவிடும், உள்ளே மணல் குறைவாக இருக்கும்.

ஆயிரக்கணக்கான கன மீட்டர் வேண்டியிருக்கும் வணிக வளாகத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே எல்லாமே எடைக் கணக்கு. கலவை நிலையத்தில் ஜல்லியும் மணலும் தனித்தனி அறைகளிலிருந்து ஒரு தொட்டியில் விழுகின்றன. தொட்டியைத் தாங்குபவை சிறிய எஃகுத் துண்டுகள். எடை கூடக்கூட எஃகு மிக மிக நுண்ணிய அளவில் சுருங்கும் அல்லது வளையும். அதன்மீது ஒட்டிய மெல்லிய கம்பியின் மின்தடையும் அதற்கேற்ப மாறும். அந்த மாற்றத்தை அளப்பது எது தெரியுமா? மேல்நிலை வகுப்பு ஆய்வகத்தில் நீங்கள் பயன்படுத்தும் வீட்ஸ்டன் சுற்றேதான்! அங்கே தேர்வுக்காகச் சமன் செய்யும் அதே சுற்று, இங்கே டன் கணக்கில் ஜல்லியை நிறுக்கிறது. சிமெண்டின் எடையில் 2 சதவீதத்துக்கும், ஜல்லி மணல் எடையில் 3 சதவீதத்துக்கும் மேல் பிழை கூடாது என்பது இந்தியத் தர விதி.

எடை சரியாக இருந்தாலும் ஈரம் ஏமாற்றும். ஐப்பசி மழையில் நனைந்த மணலில் 5 சதவீத ஈரம் இருந்தால், 750 கிலோ மணலோடு 37 லிட்டருக்கு மேல் தண்ணீர் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிடுகிறது. அதைக் கழிக்காமல் 160 லிட்டரையும் ஊற்றினால் விகிதம் 0.46லிருந்து 0.56க்குத் தாவிவிடும். வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே மழைக்காலத்தில் நல்ல நிலையங்களில் மணலின் ஈரத்தை அடிக்கடி அளந்து, ஊற்றும் தண்ணீரைக் குறைத்துக்கொள்வார்கள்.

ஏன் பாரிவாக்கம்?

கட்டடங்கள் நகரத்தில் எழும்புகின்றன. கான்கிரீட் ஏன் புறநகரில் பிறக்கிறது? ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில் முக்கால் பங்குக்கு மேல் ஜல்லியும் மணலும்தான். இவை குவாரிகளிலிருந்து லாரிகளில் வர வேண்டும். குவித்து வைக்கப் பரந்த இடம் வேண்டும். கல் வரும் திசைக்கும் கட்டடம் எழும் திசைக்கும் நடுவே, நெடுஞ்சாலை ஓரமாக அமைந்தால் வசதி. சென்னைக்கு மேற்கே பெங்களூரு நெடுஞ்சாலை, வண்டலூரையும் மீஞ்சூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலை, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் பிரியும் பாதைகள் ஆகிய எல்லாவற்றுக்கும் அருகில் இருக்கிறது பாரிவாக்கம். இங்கிருந்து அம்பத்தூர், போரூர், கிண்டி எங்கும் உறக்க வேளைக்குள் போய்ச் சேரலாம்.

சென்னை வட்டாரத்தின் ஜல்லிக்கு ஒரு கதையும் உண்டு. பல்லாவரம் பகுதியின் கருங்கல் வகைக்குப் புவியியலார் வைத்த பெயர் சார்னோகைட். கல்கத்தாவில் 1693ல் மறைந்த ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இந்தப் பகுதியிலிருந்து சென்றது. அந்தக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து 1893ல் அவர் பெயரையே கல்லுக்குச் சூட்டினார். உலகெங்கும் புவியியல் நூல்களில் இடம்பெற்ற கல், நம் ஊரில் முக்கால் அங்குல ஜல்லி!

சிமெண்டுக்கும் சென்னையில் பழைய தொடர்பு உண்டு. இந்தியாவில் போர்ட்லண்டு சிமெண்டு தயாரிக்கும் முதல் முயற்சி 1904ல் சென்னையில்தான் நடந்தது. கடற்சிப்பிகளைச் சுண்ணாம்புக்கு ஆதாரமாகக் கொண்ட அந்த ஆலை நிலைக்கவில்லை. பத்தாண்டுகள் கழித்துக் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலையே நிலைபெற்றது. ஆயத்தக் கலவையின் கதையும் இதே போன்றதுதான். ஜெர்மனியில் 1903லேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்கள். இந்தியாவில் 1976லேயே இதற்கான தர விதிகள் அச்சில் இருந்தன. ஆனால் வணிக முறையில் புனே, மும்பை நகரங்களில் நிலையங்கள் தோன்றி, தொழில் பரவியது 1990களில்தான்.

உருளை ஏன் சுழல்கிறது?

இப்போது நம் முதல் கேள்விக்கு வருவோம். கலவையை அசையாமல் வைத்தால் இரண்டு தொல்லைகள் உண்டாகும். கனமான ஜல்லி கீழே இறங்கும். தண்ணீர் மேலே ஊறி நிற்கும். மேலும், சிமெண்டுத் துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரள்வதனால் கலவை விறைத்துக்கொள்ளும். மெதுவான சுழற்சி இந்தத் திரள்களைக் கலைக்கிறது, ஜல்லியைத் தாழவிடாமல் காக்கிறது. பயணத்தின்போது நிமிடத்துக்கு இரண்டு முதல் ஆறு சுற்றுகள் போதும்.

உருளையின் உட்சுவரில் திருகுபோல் வளைந்த தகடுகள் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன. கிணற்று நீரை மேலேற்றும் ஆர்க்கிமிடீஸ் திருகின் தம்பி என்று இதைச் சொல்லலாம். ஒரு திசையில் சுழற்றினால் திருகு கலவையை உள்நோக்கித் தள்ளிக் கலக்கும். எதிர்த்திசையில் சுழற்றினால் அதே திருகு கலவையை வாய்வழியே வெளியேற்றும். தனியாகக் கதவு கிடையாது, திறப்பான் கிடையாது. சுழலும் திசையே கதவு!

ஆனால் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டியில் ஏற்றிய நேரத்திலிருந்து 2 மணி நேரத்துக்குள் கான்கிரீட்டை இட்டுவிட வேண்டும் என்று இந்தியத் தர விதி ஐ.எஸ். 4926 கூறுகிறது. இறுகுதலைத் தாமதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்த்திருந்தால் கூடுதல் நேரம் அனுமதிக்கலாம். இத்தகைய தாமதப்படுத்திகளில் நமக்கு நன்கு அறிமுகமான ஒன்று உண்டு: சர்க்கரை. சிமெண்டின் எடையில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு சர்க்கரை சேர்ந்தாலே இறுகுதல் சில மணி நேரம் தள்ளிப்போகும். சர்க்கரை மூலக்கூறுகள் சிமெண்டுத் துகளின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு, புதிய படிவங்கள் முளைக்கவிடாமல் தடுக்கின்றன. வண்டி வழியில் பழுதாகி நின்றுவிட்டால், உருளைக்குள் பதினான்கு டன் கல் உறைந்துவிடாமல் காப்பதற்குச் சர்க்கரையைக் கொட்டுவதும் உண்டு. அந்தச் சரக்கு பிறகு கட்டடத்துக்கு உதவாது; உருளை தப்பும், அவ்வளவுதான். நம் முன்னோர் சுண்ணாம்புச் சாந்தில் கருப்பட்டியும் கடுக்காய் நீரும் சேர்த்தார்களே என்று கேட்கலாம். சுண்ணாம்பு இறுகும் வழி வேறு, சிமெண்டு இறுகும் வழி வேறு. அங்கே நன்மை செய்தது இங்கே தடையாகிவிடும்.

பன்னிரண்டு நிமிடத்துக்கு ஒரு வண்டி

ஒரு பெரிய வணிக வளாகத்தின் அடித்தளத்துக்கு 1000 கன மீட்டர் கான்கிரீட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வண்டியில் 6 கன மீட்டர். ஆக 167 வண்டிச் சுமைகள். ஒரு பம்பு மணிக்கு 30 கன மீட்டர் இடுமானால் மணிக்கு 5 வண்டிகள், அதாவது 12 நிமிடத்துக்கு ஒரு வண்டி, வாசலில் வந்து நிற்க வேண்டும். ஒரு வண்டி ஏற்றிக்கொண்டு, போய், இறக்கி, திரும்பி, உருளையைக் கழுவி மீண்டும் வரிசையில் நிற்க 130 நிமிடம் ஆகிறது என்றால், 130ஐ 12ஆல் வகுத்தால் 11 வண்டிகள் தேவை. வேலை முடிய 33 மணி நேரம் ஆகும். இரண்டு பம்பு, 22 வண்டி என்றால் 17 மணி நேரத்தில் முடிக்கலாம்.

இதில் எங்கேனும் ஒரு நெரிசல் வந்து வரிசை அறுந்தால் என்ன ஆகும்? முன்பு இட்ட கான்கிரீட் இறுகத் தொடங்கிவிடும். அதன்மேல் இடும் புதிய கான்கிரீட் அதனோடு ஒன்றாகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு தழும்பு விழும். பொறியாளர்கள் இதைக் 'கோல்டு ஜாயிண்ட்' என்பார்கள். கண்ணுக்குக் கோடாகத் தெரிவது, தண்ணீருக்கு வழியாகவும் வலிமைக்குக் குறையாகவும் அமையும். எனவேதான் பெரிய அடித்தளங்களைச் சாலை காலியாக இருக்கும் இரவில் இடுகிறார்கள். நாம் உறங்கும்போது ஓட்டுநர்களும் பம்பு இயக்குபவர்களும் வைப்ரேட்டர் பிடிக்கும் தொழிலாளர்களும் கடிகாரத்தோடு போட்டியிட்டுக்கொண்டிருப்பார்கள்.

சித்திரை வெயிலும் பனிக்கட்டியும்

இரவு வேலைக்கு இன்னொரு காரணம் வெயில். வெப்பநிலை 10 டிகிரி உயர்ந்தால் வேதிவினையின் வேகம் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொது வழக்கு. வெயிலில் காய்ந்த ஜல்லியும் சூடான சிமெண்டும் சேர்ந்தால் உறக்க வேளை சுருங்கிவிடும். கலவையைக் குளிர்விப்பது எப்படி?

ஒரு கணக்குப் போடுவோம். சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவற்றின் தன்வெப்பம் சுமார் 0.2, தண்ணீருக்கு 1. நம் கலவையில் திடப்பொருள்கள் 2200 கிலோ, தண்ணீர் 160 கிலோ. ஆகவே ஒரு கன மீட்டரை 1 டிகிரி குளிர்விக்க நீக்க வேண்டிய வெப்பம் 2200 × 0.2 + 160 = 600 கிலோகலோரி. 30 டிகிரியில் உள்ள 160 லிட்டர் தண்ணீரை 5 டிகிரிக்குக் குளிர்வித்து ஊற்றினால் 4000 கிலோகலோரி மிச்சம். கலவை ஏழு டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் குளிரும். அதற்குப் பதிலாக 60 லிட்டர் தண்ணீரை மட்டும் பனிக்கட்டிச் சீவலாக மாற்றினால்? ஒவ்வொரு கிலோ பனிக்கட்டியும் உருக 80 கிலோகலோரி உள்ளுறை வெப்பத்தை உறிஞ்சும். அந்த நீர் 30 டிகிரிக்கு ஏற இன்னும் 30 ஆகும். மொத்தம் 60 × 110 = 6600 கிலோகலோரி. கலவை 11 டிகிரி குளிர்ந்துவிடும்! துபாயின் புர்ஜ் கலீபாவுக்குக் கோடையில் கான்கிரீட் இட்டபோது பனிக்கட்டியைக் கலந்து, இரவில் வேலை செய்தார்கள். சென்னையின் பெரிய வேலைகளிலும் இதே முறைதான்.

அடித்தளத்துக்கு வரும் காய்ச்சல்

நீரேற்றம் வெப்பம் வெளியிடும் வினை என்று முன்பே பார்த்தோம். ஒரு கிராம் சிமெண்டு சுமார் 75 கலோரி வெளியிடுவதாகக் கொண்டால், 350 கிலோவுக்கு 26,250 கிலோகலோரி. இதை 600ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 44 டிகிரி. வெப்பம் வெளியேறவே வழியில்லாத நிலையில் கலவை தானாகவே இத்தனை டிகிரி சூடேறும். மெல்லிய கூரைத் தளத்தில் இந்த வெப்பம் உடனே காற்றில் போய்விடும். இரண்டு மீட்டர் கனமான அடித்தளத்தின் நடுவில் அது சிறைப்பட்டுவிடும். உள்ளே விரிவு, வெளியே சுருக்கம், விளைவு வெடிப்பு. அமெரிக்காவின் ஹூவர் அணையைக் கட்டியபோது (1931 முதல் 1936) கான்கிரீட்டுக்குள் குழாய்களைப் புதைத்துக் குளிர்ந்த நீரைச் செலுத்தினார்கள்.

நம்மிடம் எளிய வழி ஒன்று உண்டு. அனல் மின் நிலையங்களில் நிலக்கரி எரிந்தபின் எஞ்சும் பறக்கும் சாம்பலைச் சிமெண்டின் ஒரு பகுதிக்குப் பதிலாகச் சேர்க்கலாம். அது மெதுவாக வினைபுரிவதால் காய்ச்சல் குறையும். நாளடைவில் துளைகளையும் அடைக்கும். குப்பையாகக் குவிந்து கிடந்த பொருளுக்கு வேலையும் கிடைக்கிறது. உலகில் மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் சுமார் 7 அல்லது 8 சதவீதம் சிமெண்டு உற்பத்தியால் வருகிறது. ஆகவே சிமெண்டு குறைவது காற்றுக்கும் நல்லது.

குழாயில் ஏறும் கல்

முப்பது மாடிக் கட்டடத்தின் உயரம் சுமார் 100 மீட்டர். 10 மீட்டர் நீர்த்தூண் ஒரு வளிமண்டல அழுத்தம் தரும் என்று படித்திருக்கிறீர்கள். கான்கிரீட் தண்ணீரைப்போல் 2.4 மடங்கு அடர்த்தி. எனவே 100 மீட்டர் கான்கிரீட் தூணைத் தாங்கவே 24 வளிமண்டல அழுத்தம் வேண்டும். உராய்வு இதற்கு மேல். நம் வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும்போது வெளிக்காற்றைவிட ஒரு வளிமண்டல அளவுதான் கூடுதலாக இருக்கிறது. ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை மாறிமாறி இயங்கும் இரண்டு பிஸ்டன்கள் செய்கின்றன. குழாயில் கான்கிரீட் தண்ணீர்போல் ஓடுவதில்லை. ஒரு முழுக் கட்டியாக வழுக்கிக்கொண்டு போகிறது. குழாய்ச் சுவரை ஒட்டிப் படியும் மெல்லிய சிமெண்டுக் குழம்புதான் அதற்கு எண்ணெய். ஜல்லி அதிகமாகவோ கலவை விறைப்பாகவோ இருந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். இங்கேதான் மிகையிளக்கிகள் என்னும் வேதிப்பொருள்கள் கைகொடுக்கின்றன. அவை சிமெண்டுத் துகள்களின்மேல் ஒட்டி, அவற்றை ஒன்றையொன்று விலக்கச் செய்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூட்டாமல் கலவை இளகிவிடுகிறது.

ஒரு குழாய்த் தண்ணீர்

இப்போது இந்தச் சங்கிலியின் மிக மெலிந்த கண்ணிக்கு வருவோம். வண்டி தாமதமாக வருகிறது. கலவை சற்று விறைத்திருக்கிறது. விறைத்த கான்கிரீட்டை இழுத்துப் பரப்புவது தொழிலாளிகளின் தோளையும் இடுப்பையும் முறிக்கும் வேலை. "கொஞ்சம் தண்ணி விடப்பா" என்கிறார் மேஸ்திரி. ஓட்டுநரிடம் கழுவுவதற்கான தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. சில நிமிடத்தில் 120 லிட்டர் உள்ளே போகிறது. கலவை வெண்ணெயாக ஓடுகிறது. எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கணக்கைப் பாருங்கள். 6 கன மீட்டரில் சிமெண்டு 2100 கிலோ, தண்ணீர் 960 லிட்டர். இப்போது தண்ணீர் 1080. விகிதம் 0.46லிருந்து 0.51 ஆகிவிட்டது. வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு போயிற்று. வீட்ஸ்டன் சுற்று கிராம் கிராமாக நிறுத்துக் காத்ததை ஒரு குழாய் இரண்டு நிமிடத்தில் அழித்துவிட்டது. அந்தத் தொழிலாளிகளைக் குறை சொல்லி என்ன பயன்? சரியான நேரத்தில் வண்டியை அனுப்புவதும், தேவையானால் பொறியாளர் முன்னிலையில் மிகையிளக்கி சேர்ப்பதும்தான் மருந்து. அவர்களுக்குக் கையுறையும் கால்மூடிகளும் தருவதும் கடமை. ஈரக் கான்கிரீட் கடும் காரத்தன்மை உடையது, தோலைப் புண்ணாக்கிவிடும்.

இறங்கும் இடத்தில் கலவையைச் சோதிக்க எளிய கருவி ஒன்று உண்டு: 300 மில்லிமீட்டர் உயரமுள்ள, இருபுறமும் திறந்த தகரக் கூம்பு. அதில் கான்கிரீட்டை நிரப்பிக் கூம்பை மேலே தூக்கினால் குவியல் எவ்வளவு அமிழ்கிறது என்று அளப்பார்கள். அத்துடன் 150 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரங்களை வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் நசுக்கிப் பார்ப்பார்கள். 'எம் 25' என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். அந்தச் சிறு கனசதுரத்தின்மேல் இது சுமார் 57 டன் சுமை!

சிந்திக்க வேண்டியது ஒன்று. முடிவு தெரிவது 28ஆம் நாள். அதற்குள் மேலே இன்னும் சில மாடிகள் எழும்பியிருக்கும். தேர்வு எழுதிய மாணவன் தேறினானா என்று தெரிவதற்குள் அவனை அடுத்த வகுப்பில் உட்காரவைப்பது போன்றது இது. ஆகவே சோதனையைவிட, கலக்கும்போதும் இடும்போதும் காட்டும் நேர்மையே கட்டடத்தைக் காக்கிறது. 2014 ஜூன் 28 அன்று, பாரிவாக்கத்துக்கு அதிகத் தொலைவில்லாத மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த தொழிலாளர்கள். ஒரு கட்டடம் நிற்பதற்கு மண், வடிவமைப்பு, கம்பி, கான்கிரீட், மேற்பார்வை என்று பல கண்ணிகள் உண்டு. ஒன்று அறுந்தாலும் மற்றவை காப்பாற்றும் என்று நம்பி இருக்க முடியாது என்பதே அந்த இடிபாடு தந்த பாடம்.

உங்கள் வீட்டுக்கே ஆயத்தக் கலவை வருகிறதா? வண்டியோடு வரும் சீட்டில் ஏற்றிய நேரத்தையும் கலவையின் தரத்தையும் பாருங்கள். உங்கள் கண்முன் தண்ணீர் சேர்க்க விடாதீர்கள். இட்டபின் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டானால் 10 நாள், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் பகைவன் என்றது இடும் வரைக்கும்தான். இறுகியபின் அது நண்பன்.

செய்து பாருங்கள்

ஆப்ராம்சின் விதியைப் பள்ளியிலேயே சோதிக்கலாம். மரச் சட்டத்தால் ஒன்றரை சென்டிமீட்டர் அகலமும் உயரமும், 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அச்சுகள் செய்து, உட்புறம் எண்ணெய் தடவுங்கள். 100 கிராம் சிமெண்டு, 200 கிராம் காய்ந்த மணல் என்ற கலவையை மூன்று முறை தயாரியுங்கள். முதலாவதில் 45 மில்லிலிட்டர், இரண்டாவதில் 60, மூன்றாவதில் 75 மில்லிலிட்டர் தண்ணீர். கையுறை அணிந்து கலந்து, ஒவ்வொன்றிலும் நான்கு சட்டங்கள் வாருங்கள். மறுநாள் அச்சிலிருந்து எடுத்து ஏழு நாள் தண்ணீரில் போட்டு வையுங்கள்.

பிறகு இரண்டு மேசைகளுக்கிடையே 12 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, சட்டத்தை அதன்மேல் பாலம்போல் வைத்து, நடுவில் கயிற்றால் ஒரு வாளியைத் தொங்கவிடுங்கள். வாளி தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் இருக்கட்டும். சட்டம் முறியும் வரை லிட்டர் அளவையால் தண்ணீர் ஊற்றுங்கள். ஒவ்வொரு கலவைக்கும் நான்கு விடைகளின் சராசரியை எடுத்து, தண்ணீர் அளவுக்கு எதிராக வரைபடம் வரையுங்கள். ஒரே கலவையில் வார்த்த நான்கு சட்டங்களும் ஒரே எடையில் முறியவில்லை என்பதையும் கவனியுங்கள். பொறியாளர்கள் ஒரே ஒரு கனசதுரத்தை நம்பாமல் பலவற்றை ஏன் வார்க்கிறார்கள் என்பது அப்போது விளங்கும்.